இரண்டு வரிக்கு மூன்று மதிப்பெண்

அரக்கு உருகும் வாசனை வந்தால் என் கை தானாகப் பேனா தேடும். போன மாதம் சந்தாபுரா தபால் நிலையத்தில் ஒருவர் பார்சலுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்திச் சுடரில் சிவப்புக் குச்சி, ஒரு சொட்டு, அதன்மேல் பித்தளை. எனக்கு முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது. நான் நகரவில்லை. பின்னாலிருந்த அம்மாள் முதலில் கன்னடத்தில் சொல்லிப் பார்த்தார், பிறகு தமிழில், பிறகு முழங்கையால்.

எனக்கு அது மே மாத வாசனை. முத்திரை உடைத்த துணிப்பைகள், கோணிச்சாக்கு, ஈரம் ஏறிய விடைத்தாள், ஃப்ளாஸ்க்கிலேயே ஆறிப்போன டீ, சன்னலுக்கு வெளியே வரப்போகும் மழை. எல்லாம் சேர்ந்ததற்குப் பெயர் வேல்யூவேஷன் கேம்ப். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகும் அது என்னை விடவில்லை.

இந்த வருடம் முதல்முறையாக பியூசி பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போகிறவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். கலப்பெண் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், இருபடிச் சமன்பாட்டை எந்த வரிசையில் நடத்தினால் மனதில் நிற்கும் என்றெல்லாம் கேட்டீர்கள். அதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. வர்க்கமூலத்துக்குள் ஒரு மைனஸ் வந்து நின்றதும் பாதி வகுப்பின் பேனா நின்றுவிடும். தான்தான் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து, சரியாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இல்லாத எண்ணை இருப்பதாக ஏற்றுக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். பதினேழு வயதில் அது சிலருக்கு உடனே வரும், சிலருக்கு வராது. வகுப்பறையில் அதற்கு நேரம் இருக்கிறது. திருத்தும் மேசையில் நேரம் கிடையாது. நான் சொல்ல வந்தது மேசையில் நடந்தது.

முதலில் நம் ஊர் வழக்கம் ஒன்று. நாம் விடைக்கு மதிப்பெண் போடுவதில்லை, ஸ்டெப்புக்குப் போடுகிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் எந்த வரிக்கு எத்தனை என்று பிரித்து அச்சடித்த ஒரு தாள் முதல் நாளே கையில் வரும். அதை ஸ்கீம் என்போம். ஆயிரக்கணக்கான தாள், நூற்றுக்கணக்கான கை. எல்லாக் கையும் ஒரே கைபோல எழுதவேண்டும் என்றால் ஸ்கீம் இல்லாமல் முடியாது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் நிழலில் உட்கார்ந்துதான் நான் பல கோடைகளைக் கழித்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தேறுவதற்கு முப்பத்தைந்து. அதை ஒட்டி வந்து நிற்கும் தாள்களை மட்டும் மதிப்பீட்டாளர் தனியாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். மேசைக்கு ஒரு டெபுடி இருப்பார். அவர் அவற்றைத் திரும்பப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்திட்ட பிறகுதான் கட்டு வெளியே போகும். மதிப்பீட்டாளருக்குச் சிவப்பு, டெபுடிக்குப் பச்சை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வாங்கிய தாளை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சரியாக முப்பத்தைந்தில் வந்து மூச்சுவிடும் தாளைத்தான் முகர்ந்து பார்ப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், நகரத்தின் பழைய கல்லூரி ஒன்றில் கேம்ப். அந்த வருடம்தான் என்னை முதன்முதலாக டெபுடியாகப் போட்டிருந்தார்கள். பச்சைப் பேனா புதிது. கைப்பையில் மூடி கழன்று, என் கைக்குட்டையெல்லாம் புல்வெளி.

என் மேசையில் ஆறு பேர். அவர்களில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் ஷரீஃப் சார், சிவாஜிநகரில் ஒரு கல்லூரியில் சீனியர். திருத்திக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே கூட்டுவார், கூட்டலில் ஒருநாளும் தப்பு வராது. இன்னொருத்தி பியூலா. ரிச்சர்ட்ஸ் டவுன் பெண், பிரேசர் டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் புரொபேஷனில் இருந்தாள். டியூட்டோரியல்களில் பகுதிநேரமாக ஓடி ஓடி ஓய்ந்து, கடைசியில் கிடைத்த வேலை. ஜூனில் நிரந்தர ஆர்டர் வரவேண்டும். கேம்புக்கு அவளுக்கு அதுதான் முதல் வருடம். மேசையிலேயே வேகமான கை அவளுடையது. பக்கங்கள் திரும்பும் சத்தமே காற்று மாதிரி இருக்கும்.

எங்கள் ஹாலுக்குத் தலைமை வகித்தவரை எல்லோரும் சீஃப் என்போம். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கன்னடக்காரர், கண்டோன்மென்ட் பக்கம் வளர்ந்தவர், தமிழை வீதியிலிருந்து கற்றவர். அவரிடம்தான் நான் இந்தத் தொழிலின் பாதியைக் கற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையில் அவரை நீங்கள் தப்பாக எடைபோடுவீர்கள்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பியூலா முடித்த தாளை வழக்கப்படி ஷரீஃப் சார் பக்கம் தள்ளினாள். பக்கத்தில் இருப்பவர்தான் மொத்தத்தைக் கூட்டவேண்டும் என்பது எங்கள் மேசையின் ஏற்பாடு. அவர் கூட்டி, சிரித்தார்.

"மேடம், நம்ம டேபிள்ல ஒரு முப்பத்தஞ்சு பொறந்திருக்கு. ஸ்வீட் எங்க?"

"கவுத்து வைங்க சார், பாக்குறேன்."

நான் பார்ப்பதற்குள் சீஃப் பார்த்துவிட்டார். மேசை மேசையாகச் சுற்றி வருபவர், எங்கள் மேசையில் கவிழ்ந்திருந்த அடுக்கிலிருந்து மேலிருந்ததை எடுத்தார். புரட்டினார். நின்றார்.

"இது யாரு வேல்யூ பண்ணது?"

"நான்தான் சார்," என்றாள் பியூலா.

அவர் அவளிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார். "நோடி மேடம், பாருங்க. ரெண்டே வரி, மூணு மார்க். டோட்டல் கரெக்டா முப்பத்தஞ்சு."

கேள்வி இதுதான்: z² = 5 + 12i என்பதைத் தீர்க்க. மூன்று மதிப்பெண். நீங்கள் வகுப்பில் எப்படிப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். z என்பதை x + iy என்று வைத்து, வர்க்கப்படுத்தி, மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் பிரித்து, இரண்டு சமன்பாடுகளைக் கட்டி, பக்கம் பாதி வரும். அந்தப் பிள்ளை எழுதியிருந்தது இவ்வளவுதான்:

(3 + 2i)² = 9 + 12i − 4 = 5 + 12i.
ஆகவே z = 3 + 2i. அதன் எதிரெண் −3 − 2i இன்னொரு மூலம்.

"ஸ்கீம்ல என்ன இருக்கு?" என்றார் சீஃப். "ரெண்டு ஈக்குவேஷன் கட்டுனா ஒண்ணு, சால்வ் பண்ணா ஒண்ணு, ஆன்சருக்கு ஒண்ணு. இதுல ஆன்சர் மட்டுந்தான் இருக்கு. ஒண்ணு குடுங்க. முப்பத்திமூணு. ஆய்த்து, முடிஞ்சுது."

"சார், இது ஆன்சர் மட்டும் இல்ல," என்றாள் பியூலா. "ஸ்கொயர் பண்ணிக் காமிச்சிருக்கு. இன்னொரு ரூட்டையும் எழுதியிருக்கு. குவாட்ராட்டிக்குக்கு மூணாவது ரூட் கெடையாது. இதுக்கு மேல என்ன சார் பாக்கி?"

"எங்கேருந்து வந்துது இந்த த்ரீ பிளஸ் டூ ஐ? ஆகாசத்துலேருந்தா? இல்ல, முன் பெஞ்சுலேருந்தா?"

"எங்கேருந்து வேணா வரட்டும் சார். வெச்சுப் பாத்தா பொருந்துதில்ல."

"அரே, கொஞ்சம் சும்மா இரும்மா," என்று ஷரீஃப் சார் தாளைப் பார்த்தபடியே முணுமுணுத்தார்.

சீஃப் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "போன வாரம் பக்கத்து ஹால்ல என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்," என்றார். அங்கே ஒருவர் ஃபெயிலாகும் தாள்களைத் தள்ளித் தள்ளி முப்பத்தைந்துக்கு ஏற்றியது பிடிபட்டிருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பின்னாலேயே அவருடைய கல்லூரிக்கு மெமோ போனது. "அதே வேல இங்கயும் நடக்குதுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது. மேடம், கட்டு அஞ்சு மணிக்கு ஸ்ட்ராங் ரூமுக்குப் போகுது. அதுக்குள்ள மார்க்கக் கொறச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவங்க மாட்டேன்னா, ஏத்திப் போட்டாங்கன்னு நான் ரிப்போர்ட் எழுதுறேன்."

அவர் போய்விட்டார். மற்றவர்கள் தங்கள் தாள்களில் குனிந்துகொண்டார்கள்.

ரிப்போர்ட் என்றால் என்ன என்று பியூலாவுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. புரொபேஷனில் இருப்பவளுக்கு ஒரு மெமோ போதும். எந்த நிர்வாகமும் விசாரித்துக்கொண்டிருக்காது; ஜூனில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். மார்க் ஏற்றியவள் என்ற பெயரோடு இந்த ஊரில் எந்தக் கல்லூரிப் படியும் ஏறமுடியாது. அவள் சிவப்புப் பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

ஷரீஃப் சார் நாற்காலியை என் பக்கம் இழுத்தார். "மேடம், நான் ஒண்ணு சொல்லட்டா? ரெண்டு குடுத்துடுங்க. அவர் சொன்ன ஒண்ணும் இல்ல, இவங்க போட்ட மூணும் இல்ல. ரெண்டு பேருக்கும் மரியாதை."

இதை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும், ஏனென்றால் உங்களிடமும் ஒருநாள் ஒரு நல்ல மனிதர் இதைச் சொல்வார். இரண்டு என்பது அழகான எண். பார்க்கச் சமாதானமாக இருக்கும். என் பேனாவும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இரண்டு கொடுத்தால் முப்பத்துநான்கு. பிள்ளை ஃபெயில். பியூலா ஒரு மதிப்பெண் ஏற்றித்தான் பாஸ் போட்டாள் என்று நானே பச்சையில் எழுதிக்கொடுத்தது போலவும் ஆகும். நடுவில் நின்றால் ஒருவருக்கும் காயம் இல்லை என்று தோன்றும். அந்த இடத்தில் நின்றிருந்தால் எல்லோருக்கும் என் கையாலேயே காயம் பட்டிருக்கும். அந்த விடை மூன்றுக்குத் தகுதியா, ஒன்றுக்கா? இரண்டுக்கு அங்கே எந்தக் காரணமும் இல்லை.

பியூலாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். வெளியே வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடிபோல இருந்தது. மே ஃபிளவர் மரத்தடியில் சைக்கிள்களின் இருக்கைகள் முழுக்கச் சிவப்பு.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். டோட்டல் என்ன வரும்னு பாத்துட்டா மூணு போட்டீங்க?"

"இல்ல மேடம்."

"மனசுக்குள்ள கூட்டிப் பாக்கல?"

"கூட்டுனா ஸ்பீடு போயிடும் மேடம். ஷரீஃப் சார் சொன்னப்பதான் எனக்கே தெரியும்."

"சீஃப் கேட்டா இதுக்கு என்ன சாட்சி?"

"ஒண்ணும் இல்ல," என்றாள். "நீங்க நம்புறீங்களா?"

பாதி நம்பினேன். அதைச் சொல்லவும் செய்தேன். அவள் முகம் சுருங்கியது, ஆனால் தலையாட்டினாள். நம்பிக்கை என்று வாயால் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடும்போது தடுமாறுவதைவிட அது மேல் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

உள்ளே வந்து அந்தத் தாளை எடுத்தேன். சர்ச்சைக்குரிய விடையை மூடிவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பரபரப்பான நேரத்தில் எல்லோரும் சண்டை நடக்கும் இடத்தையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். முறைக்க முறைக்க அந்த இரண்டு வரிகளும் பெரிதாகிக்கொண்டே போகும், அந்தப் பிள்ளை சின்னதாகிக்கொண்டே போகும். ஒரு விடையைப் புரிந்துகொள்ள அதை எழுதியவரின் நடையைப் பார்க்கவேண்டும். நடையைப் பார்க்கத் தாள் முழுவதும் வேண்டும்.

சாய்ந்த கையெழுத்து, சின்னச் சின்ன எண்கள். வகைநுண்கணிதத்தில் சறுக்கல், அணிக்கோவையில் பாதி வழியில் நிறுத்தம். எங்கும் சூத்திரம் நினைவில் இல்லை. இல்லாத இடத்தில் எண்களை வைத்து வைத்துப் பார்த்திருந்தது. ஒன்று வைத்து, இரண்டு வைத்து, பொருந்தாவிட்டால் விட்டுவிட்டு. படித்து வந்த பிள்ளை அல்ல. பரீட்சை ஹாலில் உட்கார்ந்து தட்டித் தடவிக் கதவு தேடிய பிள்ளை.

பிறகு அந்த விடை. அதற்கு மேலே ஒரு வரி குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அடித்ததைப் படிக்காதே என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பிள்ளையே வேண்டாம் என்றதற்கு நாம் ஏன் மதிப்புப் போடவேண்டும். கண் தானாகத் தாண்டிவிடும். பியூலாவின் கண் தாண்டியிருந்தது, சீஃபின் கண் தாண்டியிருந்தது. நான் கோட்டுக்கு அடியில் இருந்ததைப் படித்தேன்.

(2 + 3i)² = 4 + 12i − 9 = −5 + 12i.

அதில் −5 என்பதைச் சுற்றி ஒரு வட்டம்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். 12i சரியாக வந்துவிட்டது, 5 மட்டும் குறி மாறி வந்தது. அதைப் பார்த்து, இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி வைத்திருக்கிறது அந்தப் பிள்ளை. முன் பெஞ்சைப் பார்த்து எழுதுகிறவர்கள் முதலில் தப்பாக எழுதி, எது தப்பு என்று வட்டம் போட்டு, அதையே திருப்பிப் போட்டுச் சரி செய்வதில்லை. ஆகாசத்திலிருந்து வரவில்லை என்பதற்கு அந்த அடித்த வரி போதும்.

அப்போதே எழுந்து சீஃபிடம் ஓடியிருக்கலாம். ஆனால் முழுத்தாளையும் படிப்பது என்று உட்கார்ந்தாயிற்று. பக்கங்களைத் திருப்பினேன். கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கங்கள். வெற்றுப் பக்கம் என்றால் மதிப்பீட்டாளர் அதன் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுக்கவேண்டும்; பார்த்தேன், எதுவும் இல்லை என்பதற்கு அடையாளம். இவற்றில் கோடு இல்லை. அப்படியானால் யாரும் பார்க்கவில்லை. திருப்பினேன். அதற்கு அடுத்த பக்கத்தின் மேல் மூலையில், இடம் போதாதவர்போல நெருக்கி எழுதிய ஒரு கணக்கு. 1 + 2i ஒரு மூலமானால் இருபடிச் சமன்பாட்டை அமைக்க. இன்னொரு மூலம் 1 − 2i; கூட்டல் 2, பெருக்கல் 5; x² − 2x + 5 = 0. அப்பழுக்கில்லை. ஸ்கீம் சொல்கிற ஒவ்வொரு வரியும் இருந்தது. இரண்டு மதிப்பெண். பக்கத்தில் சிவப்பு மை ஒரு சொட்டுகூட இல்லை.

பியூலாவிடம் காட்டினேன். அவள் பக்கத்தைப் பார்த்தாள், வெற்றுப் பக்கங்களைப் பார்த்தாள், திரும்ப விடையைப் பார்த்தாள். அவள் கை வாயருகே போனது. ஷரீஃப் சார் எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

மூவரும் சீஃபிடம் போனோம். அவர் மத்தூர் வடையைப் பிட்டுக்கொண்டு ஒரு ஸ்கீம் தாளை விசிறியாக வைத்திருந்தார். நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் காட்டினேன். அவர் படித்தார். முகம் மலர்ந்தது, உண்மையாகவே மலர்ந்தது, அவர் கெட்டவர் இல்லை என்று சொன்னேனே.

"இது நல்லதாப் போச்சு. இதுக்கு ரெண்டு குடுங்க. அதுக்கு ஒண்ணு குடுங்க. டோட்டல் முப்பத்தஞ்சு, மாறாது. பிள்ள பாஸ். ஸ்கீமும் ஸ்கீமா இருக்கும். ரிப்போர்ட் கிப்போர்ட் ஒண்ணும் வேணாம். மிஸ் பண்ணதுக்கு ஒரு வார்த்த நானே திட்டிடறேன், முடிஞ்சுது."

என் பேனா மூடியைத் திறந்துவிட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு எல்லாமே தீர்ந்துவிட்டதாகத்தான் இருந்தது. வேலை தப்பியது, பிள்ளை தேறியது, சீஃபுக்கும் கோபம் இல்லை.

"சார், அது மூணு," என்றாள் பியூலா.

"எது?"

"அந்த ரெண்டு வரிக்கு மூணு சார்."

சீஃப் வடையைக் கீழே வைத்தார். "ஏம்மா, பையன்தான் பாஸ் ஆயிட்டானே."

"பையனா பொண்ணான்னு எனக்குத் தெரியாது சார்."

"யாரோ ஒருத்தர். முப்பத்தஞ்சும் பாஸ்தான், முப்பத்தேழும் பாஸ்தான். இந்த ரெண்டு மார்க்குல அதுக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்ல சார்."

"உனக்கு?"

"எனக்கும் இல்ல. நஷ்டந்தான்," என்றாள். "ஆனா கணக்கு சரி. சரியான கணக்குக்கு ரெண்டு மார்க்கக் கொறச்சு என் கையால எழுத மாட்டேன். நீங்க ரிப்போர்ட் எழுதுறதுன்னா எழுதுங்க."

ஷரீஃப் சார் கண்ணை மூடிக்கொண்டார். சீஃப் அவளைப் பார்த்தார். வாய்பாடு தப்பாகச் சொன்ன மாணவியைப் பார்ப்பது போல முதலில். பிறகு அந்தப் பார்வை மாறியது. மாறுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்போது பிள்ளை அடித்திருந்த வரியைக் காட்டினேன். அவர் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் படித்தார். வட்டம் போட்ட −5 இருக்கும் இடத்தில் விரல் நின்றது. "ரெண்டும் மூணும் எடம் மாத்தியிருக்கு," என்றார் கன்னடத்தில், தனக்குத்தானே. சிரித்தார். கணக்கு வாத்தியார் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு பியூலாவையும் ஷரீஃப் சாரையும் மேசைக்குப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மேடம், மார்க் ஏத்துறவங்க பாஸுக்கு மேல ஒரு மார்க்குகூட ஏத்த மாட்டாங்க. பாஸ் வந்ததும் அவங்க வேல முடிஞ்சுது. இந்தப் பொண்ணு டோட்டலப் பாக்கவே இல்ல. மூணு போடுங்க."

நான் போட்டேன். மூன்று, அதன் பின் இரண்டு, மொத்தம் முப்பத்தேழு, பச்சையில் என் கையெழுத்து.

"மிஸ் பண்ணதையும் எழுதுங்க," என்றார். "அது தப்புதான்." அதையும் எழுதினேன். மேசைக்குத் திரும்பியதும் பியூலா அதன் கீழே சிவப்பில் சுருக்கொப்பம் இட்டாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் சீஃபைப் பற்றி இவ்வளவு சொல்லியிருக்கமாட்டேன். ஒரு தாளுக்கு நியாயம் செய்துவிட்டுக் கட்டை அனுப்பிவிடுவது சுலபம். அவர் சாக்கட்டி எடுத்துக்கொண்டு ஹாலின் கரும்பலகைக்குப் போனார். அந்தக் கேள்வி எண்ணைப் போட்டு, வேறு எந்தச் சரியான முறையில் செய்திருந்தாலும் முழு மதிப்பெண் என்று எழுதி, கீழே கோடு போட்டார். ஏற்கெனவே குறைத்துப் போட்டவர்கள் அந்தக் கட்டுகளைத் திரும்பப் பிரிக்கவேண்டும் என்றார். கட்டிய கட்டைப் பிரிப்பது என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஹால் முழுக்க ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"பியூலா மிஸ்," என்றார் ஷரீஃப் சார், கயிற்றின் முடிச்சைப் பல்லால் இழுத்தபடி, "அடுத்த வருஷம் உங்களுக்கு வேற டேபிள் கேளுங்க. இப்படி லேட்டாப் போனா எங்க வீட்டம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

அவர் பிரித்த இரண்டாவது கட்டிலேயே அதேபோல ஒரு தாள் இருந்தது. வேறு கையெழுத்து, வேறு ஊர், நேராகவே 3 + 2i. அவர் ஒன்று கொடுத்திருந்தார். பேசாமல் மூன்றாக்கினார்.

உங்களுக்கு இதிலிருந்து நான் எடுத்துத் தருவது அதிகம் இல்லை. ஸ்கீமை மதியுங்கள், அதை எழுதியவர் எல்லா வழிகளையும் யோசித்திருக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சிக்கல் வந்தால் முழுத்தாளையும் படியுங்கள், அடித்ததையும் சேர்த்து. உங்கள் பக்கம் நிற்பவரை முழுக்க நம்பமுடியாவிட்டால் பாதிதான் நம்புகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எல்லோருக்கும் வசதியான ஒரு விடை கையில் வந்து விழும்போது, பேனா மூடியைத் திறக்கும் முன்னால் கணக்கைப் பாருங்கள். இவற்றில் எதையும் நான் அன்று காலையில் அறிந்திருக்கவில்லை.

அன்று வெளியே வரும்போது மழை பெய்து விட்டிருந்தது. ரோட்டோரத்தில் ஓடிய தண்ணீரில் மே ஃபிளவர் இதழ்கள் மிதந்து போயின. அவளுக்கு சிவாஜிநகர் பஸ், எனக்கு மடிவாளா வழியாகப் போவது. ஒரே நிறுத்தம். பியூலா தரையையே பார்த்து நின்றாள். சீஃபிடம் அப்படி நின்றதன் பயம் இப்போதுதான் அவளைப் பிடிக்கிறது என்று நினைத்தேன்.

"பயப்படாத," என்றேன். "அவர் ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான். ரிப்போர்ட் போகாது. ஜூன்ல ஆர்டர் வந்துரும்."

"அது இல்ல மேடம்." கைப்பையின் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அந்த வெறும் பக்கம்."

"அதான் எழுதியாச்சே. விடு."

"இந்த ஒண்ணு நீங்க திருப்புனதால தெரிஞ்சுது. இந்த வாரம் பூரா நான் எவ்வளவு தாள் பாத்திருக்கேன். எல்லாத்துலயும் கடைசி வரைக்கும் திருப்புனேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல மேடம். சீக்கிரமா முடிக்கிறேன்னு எல்லாரும் சொல்றாங்கன்னு..." நிறுத்திக்கொண்டாள். "அதுல யாராவது முப்பத்திமூணுல நின்னிருந்தா?"

ஆறுதல் சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

"கட்டெல்லாம் இன்னும் ஸ்ட்ராங் ரூம்லதான் இருக்கு," என்றேன். "சனிக்கிழமைதான் லாரி வரும். காலைல நான் சீஃப்கிட்ட சொல்லி உன் கட்ட எல்லாம் கீழ எறக்கச் சொல்றேன். ரெண்டு பேரும் உக்காந்து திருப்பிடுவோம்."

"இன்னிக்கே அவ்வளவு பேசிட்டேன். நாளைக்கும் போய் நின்னா திட்டுவாரு மேடம்."

"திட்டட்டும். உன் பஸ் வந்துருச்சு, ஏறு."